வைத்தியர் பதிவும் வன்னிக் கிராமங்களும்

என் மாமாவை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலில் சொல்லிவிட்டே இக்கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரும்போகக் காலத்து விடுமுறையில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் கிராமம் வவுனியா மாவட்டத்தில், நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான தூரத்தில் இருக்கிறது. வயலுக்குப் பசளை போட்டுவிட்டு வந்து படுத்த மாமா எழும்பவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கெண்டைக்காலைத் தொடவிடாமல் கத்தினார். அன்று வெள்ளிக்கிழமை. வாப்பா வேலை விடயமாக மன்னாருக்குப் போயிருந்தார். நானும் மாமியும் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலுள்ள அரச மருந்தகத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. வைத்தியர் திங்களும் வியாழனும் மட்டும் வருவார் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

சந்தியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. வெளியே 'டொக்டர்' என்று பலகை. பெயருக்குப் பின்னால் நாலைந்து ஆங்கில எழுத்துக்கள். மாமி தயங்கினார். "படிச்ச டொக்டர்தான் மாமி, போர்டுல போட்டிருக்கு" என்று சொன்னது நான். உள்ளே இருந்தவர் நாடி பிடித்தார், ஓர் ஊசி போட்டார், பெயரில்லாத குளிசைகளை வெள்ளைக் கடதாசியில் மடித்துத் தந்தார். அன்றிரவே காய்ச்சல் இறங்கியது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கண் மஞ்சளித்துச் சிறுநீரும் குறைந்துவிட்டது. நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது என்றார்கள்.

அங்கிருந்த வைத்தியர் ஓர் இளம் சகோதரி, சிங்களம் பேசுபவர். தாதியொருவர் மொழிபெயர்க்க, முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "என்ன ஊசி போட்டாங்க? துண்டு இருக்கா?" எங்களிடம் துண்டு இல்லை. ஊசி போட்டவரின் முழுப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு, பலகையில் இருக்கும் எழுத்துக்கள் உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்பதே தெரிந்திருக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், மாமா பதினொரு நாட்களில் வீடு திரும்பினார். அதன் பிறகு நான் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினேன். வைத்தியரென்று ஒருவரை ஏற்றுக்கொள்வது யார்? அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர் ஏன் எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை இல்லை? தேடப்போனபோது இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகவே தெரிந்தன.

பதிவு என்றால் என்ன?

இலங்கையில் மேலைத்தேய வைத்தியம் செய்வதற்குப் பட்டம் மட்டும் போதாது. 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் படித்து முடித்தவர் முதலில் தற்காலிகப் பதிவு பெறுகிறார். அந்தப் பதிவோடு ஓர் ஆண்டு, மூத்த வைத்தியர்களின் மேற்பார்வையில் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி செய்கிறார். அதன் பிறகே நிரந்தரப் பதிவு கிடைக்கிறது. வெளிநாட்டில் படித்து வருபவர்கள், பேரவை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும். அதோடு இங்கு நடைபெறும் பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

வைத்தியர்கள் மட்டுமல்ல, பல் வைத்தியர்கள், மருந்தாளர்கள், மருத்துவமாதுக்கள் ஆகியோரும் இதே பேரவையில் பதிவு பெறுகிறார்கள். தாதியருக்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியான பேரவை உண்டு. சித்த, யூனானி, ஆயுர்வேத வைத்தியர்களும், முறிவு தறிவு, விஷகடி பார்க்கும் பரம்பரை வைத்தியர்களும் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெறுகிறார்கள். தனியார் சிகிச்சை நிலையங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது.

பதிவு பெற்ற வைத்தியர் மருந்துத் துண்டில் குத்தும் முத்திரையில் அவருடைய பதிவு இலக்கம் இருக்கும். மருத்துவப் பேரவையின் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால், அவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்று எவரும் பார்க்கலாம். எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிடம்கூடப் பிடித்திருக்காது.

பக்தாதில் நடந்த பரீட்சை

வைத்தியரைப் பரீட்சித்துப் பதிவு செய்வது ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் 931 ஆம் ஆண்டு பக்தாதில் ஒரு சாதாரண மனிதர் வைத்தியரின் தவறான சிகிச்சையால் இறந்துபோன செய்தி, அப்பாஸியக் கலீபா அல்-முக்ததிருக்கு எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித் பரீட்சித்து அனுமதி கொடுக்காத எவரும் நகரில் வைத்தியம் செய்யக் கூடாது என்று அவர் கட்டளையிட்டார். அந்த ஆண்டில் பரீட்சிக்கப்பட்டோர் 860 பேருக்கும் அதிகம் என்று அக்கால வைத்தியர்களின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் எந்த வைத்தியத்தைச் செய்யலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. மருத்துவ அறிவு இல்லாமல் வைத்தியம் செய்பவர் ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பாளியாவார் என்ற நபிமொழியை நாம் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் கட்டளையில் அதுவே நடைமுறைக்கு வந்தது எனலாம்.

ஆனால் கதையில் இன்னொரு பாதி உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமைச்சர் அலீ இப்னு ஈஸா இதே ஸினானுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பக்தாதைச் சூழவுள்ள ஸவாத் என்ற விவசாய நாட்டில் நோயாளிகள் இருப்பார்கள், அங்கே வைத்தியர் இல்லை, எனவே வைத்தியர்களை மருந்துகளோடு அனுப்புங்கள், அவர்கள் ஊரூராகப் போய்த் தேவையான காலம் தங்கிச் சிகிச்சை செய்யட்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். சிறைச்சாலைகளுக்கும் நாள்தோறும் வைத்தியரை அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார். ஆகவே நகரத்தில் வைத்தியர்களைப் பரீட்சித்தவரும், கிராமத்துக்கு வைத்தியர்களை அனுப்பியவரும் ஒரே ஆள். என் இரண்டு கேள்விகளும் ஒன்றுதான் என்று நான் உணர்ந்தது இதைப் படித்தபோதுதான். தகுதியில்லாதவரைத் தடுப்பவருக்கு, தகுதியுள்ளவரை அனுப்பும் பொறுப்பும் இருக்கிறது.

அப்போதிக்கரி ஐயா

என் உம்மும்மா முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், பல ஆண்டுகளின் பின் வன்னிக்குத் திரும்பியவர். மாமா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் அடிக்கடி ஒருவரைப் பற்றிப் பேசினார். "எங்கட காலத்தில அப்போதிக்கரி ஐயா இருந்தார் மகள். மருந்தகத்துக்குப் பின்னாலதான் அவர்ட வீடு. சாமத்துல கதவத் தட்டினாலும் எழும்பி வருவார்."

உம்மும்மா சொன்ன அப்போதிக்கரிகளை அரச ஏடுகள் உதவி வைத்தியர்கள் என்றும், பின்னர் பதிவு பெற்ற வைத்தியர்கள் என்றும் குறிப்பிடுகின்றன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற வைத்தியரை விடக் குறுகிய காலம், பொதுவான நோய்களுக்கு மருந்து கொடுக்கவும் பாரதூரமான நோயாளியை இனங்கண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவும் பயிற்றப்பட்டவர்கள் அவர்கள். இவர்களும் மருத்துவப் பேரவையின் ஏட்டில் இடம்பெற்றவர்களே. பட்டம் பெற்ற வைத்தியர் போகாத இடங்களில், சிறிய மருந்தகங்களையும் கிராமிய வைத்தியசாலைகளையும் பல தசாப்தங்களாக நடத்தியவர்கள் இவர்கள்தான். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல வைத்தியசாலைகளின் கதவு திறந்திருந்ததற்கும் இவர்களே காரணம்.

இந்த எண்ணம் வடக்குக்குப் புதியதுமல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆங்கிலம் கற்ற வைத்தியர்கள் அரச உத்தியோகம் தேடித் தூர இடங்களுக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்களாவது தம் ஊர் மக்களோடு இருப்பார்கள் என்பது அவர் எண்ணங்களில் ஒன்று. 1870 இல் கொழும்பில் ஆங்கில மொழி மருத்துவப் பாடசாலை ஆரம்பமானது. கிறீன் 1873 இல் நாடு திரும்பினார். அதன் பிறகு இலங்கையில் மேலைத்தேய வைத்தியத்துக்கான தகுதி ஆங்கிலத்தில்தான் கிடைத்தது.

பின்னாளில் உதவி வைத்தியர்களுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டது. பட்டம் பெற்ற வைத்தியரே எல்லோருக்கும் வேண்டும், கிராமத்தவருக்கு ஏன் குறைந்த தகுதியுடையவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. உம்மும்மாவுக்கும் கொழும்பிலுள்ள ஒருவருக்கும் ஒரே தரமான வைத்தியம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய அப்போதிக்கரிமார் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றபோது, அவர்களுடைய கதிரைகள் எல்லாவற்றிலும் பட்டம் பெற்ற வைத்தியர் வந்து அமரவில்லை. சில இடங்களில் வேறொரு வைத்தியசாலையின் வைத்தியர் கிழமையில் இரண்டு நாள் வந்து போகிறார். மற்ற நாட்களில் சந்திக் கடைக்காரருக்கு வியாபாரம்.

வேறு நாடுகளில்

தகுதியை உயர்த்தும்போது யாருக்குக் கதவு அடைபடுகிறது என்று பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 1910 இல் ஏப்ரஹாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வுகூடம்கூட இல்லாமல் பட்டம் விற்ற பல கல்லூரிகள் அதன் பின் மூடப்பட்டன. அது நல்ல காரியமே. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென்று அன்றிருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டை மட்டும் வைத்திருக்கலாம் என்று அறிக்கை கூறியது. மற்ற ஐந்தும் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. வெள்ளையர் கல்லூரிகளோ அம்மாணவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. இதனால் கறுப்பின மக்களுக்கு வைத்தியம் பார்க்கக்கூடிய வைத்தியர்கள் நீண்ட காலம் மிகக் குறைவாகவே இருந்தார்கள்.

பெண்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இங்கிலாந்தில் எலிசபெத் கரட் என்ற பெண்ணை எந்த மருத்துவக் கல்லூரியும் மாணவியாக ஏற்கவில்லை. அப்போதிக்கரிகள் சங்கத்தின் விதிகளில் பெண்ணுக்குத் தடை எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் தனியாகப் படித்து, 1865 இல் அந்தச் சங்கத்தின் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப் பத்திரம் பெற்றார். உடனே சங்கம் தன் விதியை மாற்றி அந்த வழியை அடைத்துவிட்டது. பெண்களையும் வைத்தியராகப் பதிவு செய்ய இடமளிக்கும் சட்டம் 1876 இல்தான் வந்தது. பதிவு விதி சில வேளைகளில் நோயாளியைப் பாதுகாக்கிறது, சில வேளைகளில் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் இடத்தைப் பாதுகாக்கிறது. எந்த விதி எதற்கென்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மொசாம்பிக் நாடு வேறொரு வழியில் போனது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1984 இல், வைத்தியரல்லாத சுகாதார உத்தியோகத்தர்களுக்குச் சத்திரசிகிச்சைப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2002 இல் அந்நாட்டின் கிராமப்புற மாவட்ட வைத்தியசாலைகளில் நடந்த பெரிய மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைகளில் 92 வீதத்தை இவர்களே செய்திருந்தார்கள். மாவட்ட வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்ட இவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஏழு ஆண்டுகளின் பின்னும் அங்கேயே வேலை செய்தார்கள். அதே இடங்களுக்கு அனுப்பப்பட்ட பட்டதாரி வைத்தியர்களில் ஒருவர்கூட அங்கே இருக்கவில்லை.

வன்னியின் நிலை

நம் பிரதேசத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து 5,800 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். கொழும்பு மாவட்டம் சுமார் 700 சதுர கிலோமீற்றர்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் சுமார் 92,000 பேரும், கிளிநொச்சியில் சுமார் 113,000 பேரும், வவுனியாவில் சுமார் 172,000 பேரும் இருந்தார்கள். குறைந்த சனம், பரந்த நிலம், இடையில் காடும் குளமும். மூன்று மாவட்டங்களிலும் பொது வைத்தியசாலைகள் உண்டு. ஆனால் கொக்கிளாயிலோ பூநகரியிலோ இருப்பவருக்கு அவை பக்கத்தில் இல்லை. காய்ச்சல்காரரை ஓட்டோவில் கொண்டு போவதென்றால் அன்றைய கூலி முழுவதும் அதற்கே போய்விடும்.

வைத்தியர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கும் பதிவு முறையோடு தொடர்பு உண்டு. உள்ளகப் பயிற்சி முடித்தவர்களுக்கான நியமனம் திறமை வரிசைப்படி கிடைக்கிறது. வரிசையில் முன்னால் உள்ளவர்கள் தமக்கு விருப்பமான இடங்களைத் தெரிவு செய்ய, தூர இடங்கள் மிஞ்சுகின்றன. அங்கே வருபவர் இளையவர், தனியாக இருப்பவர், இடமாற்றம் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர். அவரைக் குறைசொல்ல முடியாது. விடுதி இல்லை, பட்டமேற்படிப்புக்கு வழியில்லை, பிள்ளைகளுக்குப் பாடசாலை தூரம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டே பல வைத்தியர்கள் போய்விட்டார்கள்.

பதிவேடு அளந்து பார்க்காத இரண்டு விடயங்களும் உண்டு. ஒன்று மொழி. மாமாவைப் பார்த்த அந்தச் சகோதரி நல்ல வைத்தியர். ஆனால் நோவு எப்போது தொடங்கியது, சிறுநீர் எந்த நிறம் என்று மாமா சொன்னதெல்லாம் ஒரு தாதியின் வாய்வழியாகவே அவருக்குப் போனது. அந்தத் தாதி இல்லாத நேரத்தில் என்ன செய்வது? மற்றது பெண் வைத்தியர். அவசியம் ஏற்பட்டால் ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு நம் மார்க்கம் தடை விதிக்கவில்லை. ஆனாலும் கிராமத்தில் எத்தனை தாய்மார் 'லேடி டொக்டர் வரட்டும்' என்று நோயை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இதை வாசிக்கும் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டிலேயே கண்டிருப்பாள்.

நம்மிடமே இருக்கும் விடை

கிராமத்துக்கேற்ற தகுதி, அதற்கு முறையான பதிவு, அந்தத் தகுதி பெற்றவர் கிராமத்திலேயே இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொசாம்பிக் வரை போகவேண்டிய தேவையில்லை. நம் ஊர் மருத்துவமாது அதற்கு உதாரணம். நாங்கள் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். திரிபோஷா தருபவர், குழந்தையை நிறுப்பவர், பிரசவம் முடிந்து வந்தால் வீடு தேடி வருபவர் அவர்தான்.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. 1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை சுமார் முப்பது முதல் நாற்பது வரைக்குள் வந்துவிட்டது. வைத்தியசாலைகள், மருந்துகள், பெண் கல்வி எல்லாம் இதற்குக் காரணங்கள்தான். ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தவர் மருத்துவமாது. பதினெட்டு மாதப் பயிற்சியும் மருத்துவப் பேரவையின் பதிவும் பெற்று, ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்தப் பிரிவிலேயே இருந்து வேலை செய்கிறார். எதைச் செய்யலாம், எப்போது வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிரசவத்துக்கு இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடிந்த நாட்டுக்கு, காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் நீரிழிவுக்கும் அப்படியொன்றைச் செய்ய முடியாதா?

என் கருத்து பதிவு விதியைத் தளர்த்த வேண்டும் என்பதல்ல. சந்திக் கடைக்காரரை அனுபவித்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஒரு வகைப் பணியாளரை நிறுத்தும்போது அவர் இருந்த இடத்தில் யார், எந்த நாள் முதல் இருப்பார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வைத்தியர் இல்லாத நாட்களிலும் மருந்தகத்தைத் திறந்து, வைத்தியரோடு தொலைபேசியில் பேசி, முதற்சிகிச்சை செய்து அனுப்பக்கூடிய பயிற்சியும் பதிவும் பெற்ற தாதியர் ஒருவர் இருந்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமையே மாமா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பார். எலிக்காய்ச்சலுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் தரும் மருந்து உண்டு. தவறிய அந்த இரண்டு நாட்கள்தான் அவரைச் சிறுநீரக நோயாளியாக்கின.

மாணவியருக்கும் பெற்றோருக்கும்

உடனே செய்யக்கூடியவை சில உள்ளன. மருந்துத் துண்டும் பதிவு இலக்கமும் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். கடதாசியில் மடித்துத் தரும் பெயரில்லாத குளிசையைக் குடிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் பேரவையின் இணையத்தளத்தில் பெயரைப் பாருங்கள். வைத்தியர் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை நோய் வருமுன் வீட்டில் பேசி வையுங்கள். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸில் பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள். வயலுக்குப் போகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று நம்மைப் பற்றியது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வன்னியின் மூன்று மாவட்டங்களும் அதில் அடங்கும். நம்மில் ஒருத்தி அந்த ஒதுக்கீட்டில் மருத்துவ பீடத்துக்குப் போனால், அந்த இடம் அவளுடைய ஊரின் பெயரால் கிடைத்தது. படித்து முடித்துச் சில ஆண்டுகளாவது அந்த ஊருக்கு வைத்தியம் பார்ப்பது அவள் திருப்பிக் கொடுக்கவேண்டிய அமானிதம் என்று நான் கருதுகிறேன். இதை எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நாளை எனக்கே இது கஷ்டமாகத் தெரியலாம். அதனால்தான் இப்போதே அச்சில் எழுதி வைக்கிறேன்.

மருத்துவ பீடம் கிடைக்காதவர்களும் பலர் இருப்போம். வவுனியாவிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. மருத்துவமாதுப் பயிற்சி இருக்கிறது. ஆனால் எங்கள் சமூகத்தில் இந்த வேலைகளுக்குப் போகும் பிள்ளைகள் மிகக் குறைவு. இரவு வேலை, சீருடை, ஆண் நோயாளிகள் என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குத் தெரியும். என் உம்மாவும் அப்படித்தான். ஆனால் மாமா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் அவருடைய தமிழை வைத்தியருக்குச் சொன்னவர் ஒரு தாதி. அவரும் யாரோ ஒரு தாய் தகப்பனின் மகள். நம் தாய்மார் நோயில் விழும்போது தமிழ் தெரிந்த பெண்ணொருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நாம் விரும்பினால், யாரோ ஒருவருடைய மகள் அதற்குப் போகத்தான் வேண்டும். பெற்றோர்கள் இதைக் கோபமில்லாமல் யோசித்துப் பார்க்க வேண்டும்.

போன தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மாமா மறுபடியும் வயலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன செய்வாய் மகள், மருந்தகம் பூட்டித்தானே கிடந்தது" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் விடுதிக்குத் திரும்பும் நாளில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்த மருந்தகத்தைப் பார்த்தேன். தாளை மாற்றி ஒட்டியிருந்தார்கள். அதிலும் திங்களும் வியாழனும்தான் இருந்தன.